பெயரில்லாத பொத்தான்

பொத்தான்கள் வைத்த பழைய கைப்பேசி ஒன்று இன்னும் உங்கள் வீட்டு மேசை இலாச்சியில் கிடக்குமானால், அதை எடுத்து 5 என்ற எண்ணின் மீது விரல் நுனியை வைத்துப் பாருங்கள். கடுகளவு மேடு ஒன்று தட்டுப்படும். பார்வையுள்ளவர்கள் பல ஆண்டுகள் அந்தப் போனைப் பாவித்தும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் அறையில் உழைத்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயால் இரு கண்களின் பார்வையையும் இழந்த பிறகு, அந்தக் கடுகளவு மேட்டை நம்பியே கொழும்பிலிருக்கும் பிள்ளைகளோடு பேசிவந்தார். ஐந்து அகப்பட்டுவிட்டால் அதற்கு மேலே இரண்டு, கீழே எட்டு, இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஆறு. ஒன்பது எண்களும் விரலுக்குள் வந்துவிடும். யாரோ ஒரு வடிவமைப்பாளர் வார்ப்பு அச்சில் ஒரு புள்ளி கூடுதலாக வைத்ததால் ஒரு மனிதர் பிறரைக் கூப்பிடாமல் தன் பிள்ளைகளைக் கூப்பிட முடிந்தது.

பிறகு அந்தப் போன் பழுதாகி, பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த தொடுதிரைக் கைப்பேசி வந்தது. முழுவதும் வழவழவென்ற கண்ணாடி. வங்கி அனுப்பும் செய்தியைப் பார்ப்பது முதல் ரீலோட் போடுவது வரை எல்லாவற்றையும் அடுத்த காம்பரா, அதாவது பக்கத்து அறை வீட்டுப் பையன்தான் செய்துகொடுத்தான். அதற்காகத் தன் வங்கி அட்டையின் இரகசிய எண்ணையும் பெரியப்பா அவனிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பையன் நல்லவன், ஒரு சதம்கூட எடுத்ததில்லை. ஆனால், தன் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை அதன் சொந்தக்காரருக்கு முன்பே இன்னொருவர் தெரிந்துகொள்ளும் நிலை இருந்தது. அவன் சொல்லும் தொகை சரிதானா என்று பார்க்கப் பெரியப்பாவிடம் வேறு வழியும் இருக்கவில்லை. விழிப்புலனற்றோருக்கான வடிவமைப்பு என்றதும் உதவி, கருணை, வசதி என்ற சொற்களே பேச்சில் வருகின்றன. எனக்கு அவை இரண்டாம்பட்சம். தானே சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதே முதற் கேள்வி. இது எனக்கு ஏட்டிலிருந்து வந்த ஞானமன்று. நானே செய்த ஒரு சொதப்பலிலிருந்து வந்தது.

ஹட்டனில் இருந்துகொண்டு கைப்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். எங்கள் தோட்டத்தின் சிறு சேமிப்புச் சங்கம் ஒன்றுக்காக, அங்கத்தவர்கள் தங்கள் சேமிப்பையும் கடனையும் பார்த்துக்கொள்ளும் செயலியொன்றை ஓய்வு நேரங்களில் செய்துகொடுத்தேன். தேயிலைத் தளிரின் பச்சை, அதன் மேல் வெள்ளை எழுத்து, சொற்களைக் குறைத்து அழகான சின்னங்கள் என்று பார்ப்பவர்கள் பாராட்டும்படியாகவே இருந்தது. பெருமையோடு பெரியப்பாவின் போனில் ஏற்றி, விரல் படுவதைக் குரலில் சொல்லும் டோக்பேக் என்னும் திரைவாசிப்பானையும் அதில் இயக்கிக் கையில் கொடுத்தேன். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து, திரையின் மேல் மூலையிலிருந்து விரலை மெல்ல நகர்த்தினார்.

“பெயரில்லை, பட்டன்” என்றது போன். விரலை நகர்த்தினார். “பெயரில்லை, பட்டன்.” இன்னும் நகர்த்தினார். “பெயரில்லை, பட்டன்.”

“என்னா தம்பி, ஒன்னுக்காவது பேரு வச்சியா?” என்று கேட்டார்.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை என்பதை அறிந்திருந்தும் நான் மறந்துபோயிருந்தேன். செயலியை எழுதும்போது ஒவ்வொரு பொருளுக்கும் நாம் கொடுக்கும் பெயர், அது பொத்தானா தலைப்பா எழுதும் கட்டமா என்ற வகை, அது தெரிவாகி இருக்கிறதா என்ற நிலை ஆகியவற்றை இயங்குதளம் ஒரு மரம்போல் அடுக்கி வைத்திருக்கிறது. அந்த மரத்தைத்தான் திரைவாசிப்பான் கிளை கிளையாகப் படித்துச் சொல்கிறது. வலப்புறம் விரலை வீசினால் அடுத்த பொருள், இடப்புறம் வீசினால் முந்தையது, இருமுறை தட்டினால் அழுத்தியதாகும். உண்டியல் படத்தை நான் எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாலும், ‘என் சேமிப்பு’ என்ற இரண்டு சொற்களை அதற்குப் பெயராக எழுதாதவரை அந்த மரத்தில் அது பெயரில்லாத ஒரு கிளையே. 2009ஆம் ஆண்டில் ஐபோன் 3ஜிஎஸ் வொய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானோடு வந்தபோதே, மேடு பள்ளமற்ற கண்ணாடியையும் பார்வையற்றவர்கள் பாவிக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அன்ட்ரொயிட்டில் டோக்பேக் வந்ததும் அதே ஆண்டுதான். ஆகவே குறை கண்ணாடியிலும் இல்லை, பெரியப்பாவின் வயதிலும் இல்லை. பெயர் வைக்காதவன் நான்.

பெயர் வைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டியிருந்தது. முதலில் ஆர்வக்கோளாறில் ‘பச்சை நிற உண்டியல் படம்’ என்று எழுதினேன். பெரியப்பாவுக்குப் படத்தின் நிறம் எதற்கு? அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதே அவருக்கு வேண்டும். வெறும் அலங்காரத்துக்காக வைத்த இலைப் படங்களைத் திரைவாசிப்பான் சொல்லவே கூடாது என்று மறைத்துவிட்டேன், ஏனென்றால் கண்ணால் பார்ப்பவர் ஒரு நொடியில் தாண்டிப்போகும் அலங்காரத்தைக் காதால் கேட்பவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தாண்ட வேண்டும்.

அடுத்து எண்கள். இதை ஆங்கில வழிகாட்டிகளை மட்டும் படித்தால் தெரிந்துகொள்ள முடியாது. கொழுந்து நிறையை ‘18 கி.கி.’ என்று நான் எழுதியிருந்ததைப் பெரியப்பாவின் போனிலிருந்த தமிழ்க் குரல் ‘பதினெட்டு கி கி’ என்று வாசித்தது. பக்கத்திலிருந்த பிள்ளைகள் அன்று முழுவதும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். ‘கிலோ’ என்று முழுதாக எழுத வேண்டியதாயிற்று. இதைவிட மோசமானது, உள்நுழையும்போது குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண். 482913 என்று சேர்த்து அனுப்பியபோது அந்தக் குரல் ‘நான்கு இலட்சத்து எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று’ என்று ஏதோ காணி விலை சொல்வதுபோல் ஓதியது. பெரியப்பா செயலியை விட்டு வெளியே வந்து, குறுஞ்செய்தியைத் தேடித் திறந்து, இந்த இலட்சக் கணக்கை மனத்துக்குள் இலக்கங்களாகப் பிரித்து, மறுபடி செயலிக்குத் திரும்பி ஒவ்வோர் இலக்கமாகத் தேடி அழுத்துவதற்குள், நான் கொடுத்திருந்த 60 வினாடி முடிந்துபோயிருந்தது. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டார். இலக்கங்களுக்கிடையே இடைவெளி விட்டு அனுப்புவதும், நேரத்தை நீட்டுவதும், வந்த எண்ணைச் செயலி தானாகவே எடுத்துக்கொள்ளச் செய்வதும் எனக்கு ஒரு மாலை நேர வேலைதான். அந்த மூன்று முயற்சிகளைக் கண்ணால் பாராதிருந்தால் அந்த ஒரு மாலையை நான் செலவிட்டிருக்கவே மாட்டேன்.

இன்னொன்றை மழை சொல்லிக்கொடுத்தது. ஜூன் மாதத் தென்மேற்குப் பருவ மழை தகரக் கூரை மேல் விழத் தொடங்கினால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. போன் பேசுவது எங்கே கேட்கப்போகிறது? குரல் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்த எனக்கு அப்போதுதான் அதிர்வின் அருமை புரிந்தது. பணம் பதிவானால் நீளமாக ஒரு அதிர்வு, தவறினால் குறுகலாக இரண்டு என்று வைத்தேன். காதில் இயர்போனைப் போட்டுக்கொள்ளலாமே என்று நகரத்து நண்பர் ஒருவர் கேட்டார். போட்டுக்கொள்ளலாம்தான், வெளியே யார் கூப்பிடுகிறார்கள், எந்தப் பக்கமிருந்து முச்சக்கர வண்டி வருகிறது என்பதையெல்லாம் காதாலேயே அறியும் ஒருவர், அந்தக் காதுகளையும் அடைத்துக்கொள்ள விரும்புவாரா என்று அவர் யோசிக்கவில்லை.

இதுவரை சொன்னது முழுவதுமாகப் பார்வை இழந்தவரைப் பற்றியது. என் வீட்டில் இரண்டாவது பரிசோதகர் அம்மா. அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, அதாவது கண்புரை. சத்திரசிகிச்சைக்கான திகதிக்குக் காத்திருக்கிறார். பார்வைக் குறைபாடு என்பது விளக்கை அணைத்ததுபோல் ஒரேயடியாக வருவதன்று. குளுக்கோமா பெரும்பாலும் ஓரப் பார்வையை முதலில் அரித்துச் செல்வதால், பெரியப்பா லயத்துப் படிகளில் தடுக்கி விழுந்ததை வெகுநாள் வயதின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். கண்புரையிலோ வில்லை மங்கிப் பழுப்பேறுவதால் எல்லாமே பனி மூடிய மலைபோல் தெரியும், வெளிச்சம் கண்ணைக் கூசும், நீலமும் பச்சையும் மயங்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உலகில் குறைந்தது 220 கோடிப் பேர் என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் கூறுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் அம்மாவைப்போல் ஓரளவு பார்க்கக்கூடியவர்கள். திரைவாசிப்பானை நாடாமல், போனை மூக்கருகே கொண்டுபோய்ச் சரித்துச் சரித்துப் பார்ப்பவர்கள்.

என் தளிர்ப் பச்சை அம்மாவிடம் தோற்றது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். வெள்ளைமேல் கருப்பு 21க்கு 1, அதுவே உச்சம். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்றும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும் என்றும் வரையறுக்கிறது. என்னுடைய பச்சையில் வெள்ளை எழுத்து 2.8ஐக்கூட எட்டவில்லை. கணினித் திரையில், அறைக்குள், முப்பது வயதுக் கண்களுக்கு அது அழகு. மலைமேல் காலைப் பனி விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, கண்புரையோடு பார்க்கும் ஒருவருக்கு அது வெற்றுப் பலகை. தளிரை விட்டு முற்றிய இலையின் கரும்பச்சைக்கு மாறினேன். சங்கத்துச் செயலாளருக்கு அது பிடிக்கவில்லை, அம்மாவுக்குப் பிடித்தது.

நிறத்தைச் சரிசெய்த பின்னும் அம்மா சில சொற்களைத் தவறாகவே வாசித்தார். ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்றார். அப்போதுதான் தமிழ் எழுத்தின் நுட்பம் உறைத்தது. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு கொம்பின் மேலுள்ள ஒரு சுழியில் அடங்கிவிடுகிறது; மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேறுபாடு தலைமேல் வைக்கும் ஒரு புள்ளி; ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே ஒரு சுழி. மெல்லிய கோடுகளால் ஆன நவீன எழுத்துருவில் புள்ளி தூசிபோல் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போதுமென்று சொல்லப்படும் எழுத்தளவு, ஒரே எழுத்துக்குள் இத்தனை செய்தியைத் திணித்து வைத்திருக்கும் தமிழுக்குப் போதாது என்பது என் அனுபவம். சற்றுத் தடித்த எழுத்துருவையும், புள்ளியும் கொம்பும் முட்டிக்கொள்ளாத அளவு வரி இடைவெளியையும் வைத்த பிறகே அம்மாவின் வாசிப்பு சீரானது. எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் அறுபடக்கூடாது என்பது அதே வழிகாட்டியின் இன்னொரு விதி. ‘உறுதிப்படுத்தவும்’ என்று நீட்டி முழக்கும் நம் அலுவலகத் தமிழ் அந்தப் பரீட்சையில் ‘உறுதிப்ப…’ என்று வெட்டுப்பட்டு நின்றது. ‘சரி’ என்று மாற்றினேன். அலுவலகத் தமிழுக்கு ஒரு நட்டமும் வந்துவிடவில்லை.

பொத்தானின் அளவைப் பற்றியும் ஒரு சொல். அன்ட்ரொயிட் வழிகாட்டி ஒவ்வொரு தொடுமிடமும் 48 அலகுச் சதுரமாக, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீற்றராக இருக்கச் சொல்கிறது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்துக் காய்ப்பேறி வெடித்த விரல்களுக்கு நான் அதைவிடப் பெரிதாகவே வைக்கிறேன். விரல் ரேகையை மட்டுமே நம்பி உள்ளே விடும் செயலிகள் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிடும். ரேகை தேய்ந்த விரல் அவருக்கு.

செயலிக்கு வெளியே எங்கள் மலைநாட்டில் வடிவமைப்பாளர் கண் படாத இடங்கள் நிறைய. பறித்த கொழுந்தை நிறுத்தெடுக்கும் கொட்டகையான மடுவத்தில் உள்ள தராசையே எடுத்துக்கொள்வோம். அம்மா பேர் பதிந்து வேலைக்குப் போன காலத்தில் வட்ட முகத் தொங்கு தராசு இருந்தது. இலக்கத்தை வாசிக்காவிட்டாலும் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். பிறகு வந்த மின்னணுத் தராசில், கணக்கு எழுதுபவர் பக்கம் திரும்பிய சிறு சதுரத்தில் சிவப்பு இலக்கங்கள். பார்வை மங்கத் தொடங்கிய பின் அம்மா தன் நிறையைத் தோளால் அறிந்தார், எழுதிக்கொண்ட நிறையைக் காதால் கேட்டார். இரண்டும் பொருந்தாத நாட்களில் ஒன்றும் சொல்ல முடியாமல் கூடையை எடுத்துக்கொண்டு வந்தார். நிறையை வாயால் சொல்லும் சமையலறைத் தராசுகள் கடைகளில் உள்ளன. மடுவத்துத் தராசு வாய் திறப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம் என்றிருக்கும் தொழிலில், தன் கொழுந்தின் நிறையைத் தானே அறிவதை ஒரு சலுகையாக என்னால் எண்ண முடியவில்லை.

இதற்கு மாறாக, நம் நாணயத்தாள்களைப் பாராட்டத்தான் வேண்டும். 2011இல் வெளிவந்த வரிசையில் மதிப்புக் கூடக் கூடத் தாளின் நீளமும் கூடுகிறது; விரலால் தடவி உணரக்கூடிய மேடுகளும் உண்டு. பெரியப்பா ஐந்நூறையும் ஆயிரத்தையும் விரலிடுக்கில் மடித்து அளந்து பிரிப்பார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அந்த இடத்திலேயே கேட்டுவிடுவார். அவருடைய மாத்திரை உறைகளிலும் அவரே செய்துகொண்ட வடிவமைப்பு இருக்கிறது: காலை மாத்திரைக்கு ஒரு இறப்பர் வளையம், இரவு மாத்திரைக்கு இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டிகளில் பிறெயில் எழுத்து சட்டப்படி இருந்தாக வேண்டும், அது நல்லதுதான். ஆனால், முதுமையில் பார்வை இழந்தவர்களில் பலர் பிறெயில் படித்ததில்லை. பெரியப்பாவுக்கு இறப்பர் வளையம்தான் பிறெயில்.

அலுவலகக் கடிதங்கள்தான் இன்னும் என் பொறுமையைச் சோதிக்கின்றன. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்திலிருந்து பெரியப்பாவுக்கு மின்னஞ்சலில் தமிழ்க் கடிதம் ஒன்று பி.டி.எஃப். ஆக வந்தது. போனை வாசிக்கச் சொன்னால், ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்கிறது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன, ஏனென்றால் அது பாமினி. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் பதிவாவது அந்த ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. கண்ணுக்கு முகமூடி தெரிகிறது, திரைவாசிப்பானுக்கு உள்ளே இருப்பது தெரிகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனிக் குறியீடு தரும் யுனிகோடில் தமிழ் 1991இல், அதன் முதற் பதிப்பிலேயே, இடம்பெற்றுவிட்டது. இருந்தும் பழகிய விசைப்பலகையை விட மனமில்லாமல் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறோம். அப்படி எழுதும் ஒவ்வொரு கடிதமும் விழிப்புலனற்ற தமிழருக்குச் செமிகோலன்களின் குவியல். கடிதத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, படம்பிடித்து அனுப்பினால் செமிகோலன்கூட இல்லை, மௌனம். இணையப் பக்கங்களிலோ, பக்கம் தமிழில் இருப்பதை அதன் தலைப்பகுதியில் அறிவிக்காமல் ஆங்கிலம் என்றே விட்டுவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கிவிட்டு நடுவிலுள்ள எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு போகும். ஒரு சொல்லில் திருத்தக்கூடிய பிழை அது.

சட்டம் இல்லாமல் இல்லை. இயலாமை உடையவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அதே உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது, அதன் 9ஆவது உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. எனினும் நான் என் செயலியைத் திருத்தியது அந்த உறுப்புரையைப் படித்தல்ல. இஸ்தோப்பில் ஒருவர் போனைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்துத்தான். ஆகவே புதிதாகச் செயலி செய்யும் தம்பி தங்கைகள் யாராவது ஆலோசனை கேட்டால், தானியங்கிச் சோதனைக் கருவிகளை ஓட விடுங்கள், அவை பெயரில்லாத பொத்தானையும் மங்கிய எழுத்தையும் பிடித்துத் தரும், ஆனால் ‘கி கி’ என்பதையும் தகரக் கூரையையும் அவை பிடிக்கா என்று சொல்கிறேன். அவற்றைப் பிடிக்கப் பாவிக்கிறவரின் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘அங்கே இல்லை பெரியப்பா, கொஞ்சம் கீழே’ என்று நான் சொல்லிய ஒவ்வொரு தடவையும் என் செயலியின் ஒரு குறையை நானே மூடி மறைத்தேன்.

திருத்திய பதிப்பைச் சென்ற மாதம் அவரிடம் கொடுத்தேன். ‘என் சேமிப்பு, பட்டன்’ என்றது போன். இருமுறை தட்டினார், தொகையைக் கேட்டார், மறுபடி விரலை வைத்து இன்னொரு முறை கேட்டார். ஏப்ரல் மாதச் சந்தா பதிவாகவில்லையே என்றார். பார்த்தேன், பதிவாகியிருக்கவில்லை. பிறகு செயலியின் இரகசிய எண்ணை மாற்றும் இடம் எது என்று கேட்டு, அங்கே போனதும், “தம்பி, கொஞ்சம் வெளிய நில்லு” என்றார். பத்து நிமிடம் போல வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது போன் சட்டைப் பைக்குள் போயிருந்தது. புதிய எண் எனக்குத் தெரியாது. அடுத்த காம்பராப் பையனுக்கும் தெரியாது.